எண்ணெயும் மஞ்சளும் புழங்கும் வீட்டுக்கு எந்தத் துணி?

கேள்வி இதுதான்: புது வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். சோபாவுக்குத் துணி பார்க்கப் போன கடையில் மீட்டருக்குக் கூடுதல் விலை சொல்லி, "இதில் கறையே பிடிக்காது" என்று ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியிருக்கிறது. நம்பி வாங்கலாமா? ஆபீஸ் சட்டை, வெள்ளை வேட்டி இவற்றையும் 'ஸ்டெயின் ப்ரூஃப்' என்று விற்கிறார்களே, அதுவும் உண்மையா?

துணிக்கு பினிஷிங், அதாவது நெய்த பிறகு மேலே ஏற்றும் வேதிப்பூச்சு, ஏற்றுகிற தொழிலில் இருப்பவன் நான். கடைக்காரர் காட்டியது பொய்யில்லை. ஆனால் உங்கள் சோபாவில் விழப்போவது வெறும் தண்ணீர் இல்லையே. சாம்பார், ஊறுகாய் எண்ணெய், பிள்ளை கையில் உருகும் சாக்லேட், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், இவைதான் விழும். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் புட்டியில் நல்லெண்ணெய் எடுத்துப் போய் அதே துணியில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எந்தக் கறையும் எந்த நாளும் ஒட்டாத துணி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பகைக் கறை இருக்கிறது. உங்கள் வீட்டில் அடிக்கடி விழுகிற கறை எதுவோ அதற்குப் பகையில்லாத நூலையும், கழற்றித் துவைக்கத் தோதான தையலையும் பார்த்து வாங்கினால் போதும். மேலே பூசுகிற பினிஷ் அதற்கு அடுத்தபடிதான். விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்வார்கள், ஏனென்றால் கூடுதல் காசு பினிஷில் இருக்கிறது.

முதலில் நூலைப் பார்ப்போம். பருத்தி தண்ணீரை விரும்பும். சாதாரணக் காற்று ஈரத்திலேயே 100 கிலோ உலர்ந்த பருத்தி எட்டரைக் கிலோ ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அதே நிலையில் அரைக் கிலோகூட எடுக்காது. பட்டு 11 கிலோ, விஸ்கோஸ் என்கிற ரேயான் 13 கிலோ வரை, கம்பளி அதற்கும் மேலே, நைலான் 4 கிலோவை ஒட்டி. டீ, காபி, திராட்சை ஜூஸ், இங்க் எல்லாம் தண்ணீரில் கரைந்து வரும் சாயங்கள். தண்ணீரை இழுக்கிற நூல் தண்ணீரோடு சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் இந்த வகைக் கறைகளுக்குப் பருத்தியும் ரேயானும் எளிதில் மாட்டும், பாலியஸ்டர் தப்பித்துவிடும்.

எண்ணெய்க்கு இந்தக் கணக்கு தலைகீழ். பாலியஸ்டரே பெட்ரோலியத்தில் இருந்து வந்த சரக்கு. எண்ணெயோடு அதற்கு ஒட்டுறவு அதிகம். தண்ணீர் அதன் இழைக்குள் புகாததால் சோப்பு நீரும் அந்த எண்ணெயை அடியில் நுழைந்து தூக்கிவிட முடியாமல் திணறும். பாலியஸ்டர் சட்டையின் காலர் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு மங்கல் கோட்டோடு நிற்பதும், பாலியஸ்டர் தலையணை உறையில் எண்ணெய் வாடை போகாமல் இருப்பதும் இதனால்தான். பருத்தியில் எண்ணெய் விழுந்தால் சுடுநீரும் நல்ல சோப்புத் தூளும் போட்டதும் நூல் உப்பி, எண்ணெயை வெளியே தள்ளிவிடும்.

எண்ணெயிலும் எல்லாம் ஒன்றில்லை. தேங்காய் எண்ணெய்க் கறை சில நாள் கழித்தும் ஓரளவு எண்ணெயாகவே இருக்கும். சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக இறுகும், பழுப்பேறும். வாணலியின் வெளிப்புறத்தில் ஒட்டி இறுகிக் கிடக்கும் பழைய எண்ணெய்ப் படலம் இந்த வகைதான். அப்படி இறுகிய கறை எந்த நூலில் இருந்தாலும் லேசில் போகாது. அன்றன்றே கவனித்தால் பருத்தியில் போகும், பாலியஸ்டரில் பாடுபட்டால் போகும். ஒரு மாதம் கழித்துக் கவனித்தால் இரண்டிலும் தழும்புதான்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மஞ்சள். அதன் நிறப்பொருளான குர்க்குமின், படிகாரமோ வேறு துணைச் சரக்கோ இல்லாமலேயே பருத்தி, பட்டு, கம்பளி மூன்றிலும் ஏறக்கூடிய சாயம். தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தண்ணீரில் அது சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் தாளித்த எண்ணெயோடு வரும் மஞ்சள்தான் கெட்ட கறை. அதில் சோப்புக் கட்டியைத் தேய்த்ததும் சிவப்பாக மாறும், பலர் பதறிப்போவார்கள். காரம் பட்டால் குர்க்குமின் சிவக்கும், அவ்வளவுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேலைதான். அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். இந்தச் சாயத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் எடுத்துவிட்டு, ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் ஒரு பகலிலோ இரண்டு பகலிலோ வெளுத்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், துணி தேர்வுக்கே இது ஒரு அளவுகோல். வெயிலில் போட முடிகிற துணி, மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாத துணி. வெள்ளைப் பருத்தி வேட்டியைத் தைரியமாகக் காயப்போடலாம். பட்டும் நைலானும் வெயிலில் பழுப்பேறி நலிந்துபோகும். அடர்ந்த சாயம் ஏற்றிய பருத்தி, கறையோடு தன் நிறத்தையும் சேர்த்து இழக்கும். சோபாவோடு சேர்த்து ஆணியடித்துத் தைத்த துணியை எந்த மொட்டை மாடிக்கும் தூக்கிப்போக முடியாது.

பாலியஸ்டரில் மஞ்சள் என்ன ஆகும்? ஆலையில் பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்ற, மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரிக்குச் சூடேற்றுகிறோம். அந்தச் சூட்டில்தான் இழை நெகிழ்ந்து சாயத்துக்கு வழிவிடும். தட்டில் இருந்து சிந்துகிற சாம்பார் அந்தச் சூட்டுக்கு அருகில்கூட வராது. அதனால் மஞ்சள் பெரும்பாலும் மேலே, எண்ணெய்ப் படலத்துக்குள்ளேயே நிற்கும். படலத்தை எடுத்தால் மஞ்சளும் போய்விடும். எடுப்பதில்தான் பாடு.

நைலான், பட்டு, கம்பளி மூன்றும் ஒரு குணம். அமிலச் சாயம் என்று தொழிலில் சொல்கிற வகையை இவை இழுத்துக்கொள்ளும். கேசரிக்கும் பிரியாணிக்கும் போடுகிற பொடி நிறங்கள் பலவும் அந்த வகைச் சாயங்கள்தான். பருத்தி வேட்டியில் சிந்திய கேசரி அலசினால் பெரும்பாலும் போய்விடும். பட்டுப் புடவையில் சிந்திய கேசரி, புடவைக்கு முறையாகச் சாயம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். மருதாணியும் அப்படித்தான், பட்டிலும் கம்பளியிலும் மிக நன்றாகப் பிடிக்கும். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகும் முன் பட்டுப் புடவை மடியில் கைக்குட்டை விரிக்கிற பெரியவர்கள் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்வதில்லை.

வாழைக்கறைக்கு மட்டும் எந்த ஆறுதலும் சொல்ல முடியாது. சாறு விழும்போது நிறமில்லாமல் இருக்கும், காற்றுப் பட்டுக் கறுத்த பிறகு பருத்தியை விட்டு வராது. வாழைத் தோட்டத்து ஆட்கள் தார் வெட்டுவதற்கென்று ஒரு பழைய உடுப்பை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

இனி அந்த உருண்டு ஓடிய தண்ணீர். தாமரை இலையில் தண்ணீர் நிற்பதைப் போலத்தான் இந்த பினிஷும். ஒரு திரவம் துணியில் பரவாமல் நிற்க வேண்டுமானால், துணியின் மேற்பரப்பு ஆற்றல் (திரவத்தைத் தன்மேல் இழுத்துப் பரப்பும் குணம்) அந்தத் திரவத்தின் பரப்பு இழுவிசையைவிட (திரவம் தன்னைத் துளியாகத் திரட்டிக்கொள்ளும் விசை) குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரின் இழுவிசை 72 என்ற அளவில் இருக்கிறது, சமையல் எண்ணெயுடையது 30-ஐ ஒட்டி. மெழுகு பூசினாலும் சிலிக்கோன் பூசினாலும் துணியின் எண் இருபதுகளுக்கு இறங்கும். தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஆனால் எண்ணெய்க்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறுகல் என்பதால், நெசவின் சந்துகளில் எண்ணெய் மெல்ல இறங்கிவிடும். எண்ணெயையும் உறுதியாக நிறுத்த வேண்டுமென்றால் ஃப்ளூரின் சேர்ந்த வேதிப்பொருள் தேவை, அது அந்த எண்ணை இன்னும் கீழே இறக்கிவிடும். ஆகவே கடையில் தண்ணீர்ச் சோதனையில் தேறுகிற துணிகளில் பாதிக்கு மேல் எண்ணெய்ச் சோதனையில் தோற்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த ஃப்ளூரின் வித்தை தற்செயலாக வந்தது. 1953-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஒரு ரப்பர் பால் கலவை உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் செருப்பில் சிந்தியது. எதைப் போட்டுக் கழுவினாலும் அது போகவில்லை, நாளாக ஆக மற்ற இடமெல்லாம் அழுக்காக அந்த இடம் மட்டும் பளிச்சென்று நின்றது. பாட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இரு வேதியியலாளர்கள் அதைப் பின்தொடர்ந்து போய் ஸ்காட்ச்கார்டு என்ற பொருளை உருவாக்க, 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. கறை விலக்கு பினிஷ் என்று உலகம் முழுக்கப் போடுவதற்கு வழி திறந்தது அதுதான்.

பிறகு அதன் மறுபக்கம் தெரிந்தது. இந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் தண்ணீரிலும் மனித ரத்தத்திலும் மட்கிப் போகாமல் தங்கிவிடுகின்றன. பி.எஃப்.ஏ.எஸ். என்று செய்திகளில் வருவது இந்தக் குடும்பம்தான். 2000-ல் 3எம் தன் பழைய கலவையின் மூலப்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009-ல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் (மட்காத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் சேர்ந்தது, அதன் உறவுப் பொருள் ஒன்று 2019-ல் சேர்ந்தது. 2022 கடைசியில், 2025 முடிவதற்குள் இந்தக் குடும்பத்தையே தயாரிப்பதை நிறுத்துவதாக அந்நிறுவனம் சொன்னது. கலிபோர்னியா 2025 ஜனவரியில் இருந்து புதுத் துணிகளில் இவற்றைத் தடை செய்திருக்கிறது. பிரான்ஸ் 2026-ல் இருந்து உடுப்புகளில் தடை செய்திருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் இருந்தும் கரூரில் இருந்தும் ஏற்றுமதியாகும் சரக்குக்கு வெளிநாட்டு வாங்குவோர் இதைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆலைகளில் சி8, சி6, சி0 என்று மூன்று வகை பேச்சில் இருக்கும். சி8 பழைய நீளச் சங்கிலி ஃப்ளூரின், சி6 குட்டைச் சங்கிலி, சி0 ஃப்ளூரினே இல்லாதது. சி0-வில் ஃப்ளூரின் தொல்லை இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி அது தண்ணீரை மட்டும்தான் நன்றாக விலக்கும், எண்ணெயை நிறுத்தாது. அதனால் ஒரே துணியை 'எண்ணெயும் ஒட்டாது, ஃப்ளூரினும் இல்லை' என்று யாராவது விற்றால், சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எண்ணெய் விலக்குக்கு 0 முதல் 8 வரை தரவரிசை உண்டு. எண் தெரியாத விற்பனையாளரிடம் அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை.

தவழ்கிற பிள்ளை வாய் வைக்கிற சோபாவுக்கு, என்னைக் கேட்டால், ஃப்ளூரின் பினிஷ் வேண்டாம். தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

பினிஷின் ஆயுளையும் தெரிந்துகொள்ளுங்கள். துணியை வேதிக் கரைசலில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டர் என்கிற நீளமான சூட்டு எந்திரத்தில் 150 டிகிரிக்கும் மேலே ஓட்டி அதை நிலைப்படுத்துவோம். நன்றாகச் செய்தது இருபது முப்பது சலவை தாங்கும் என்று சீட்டில் போடுவார்கள். அது ஆய்வுக்கூடச் சலவை, துவைக்கிற கல்லில் அடிக்கிற சலவை அல்ல. கம்போர்ட் மாதிரித் துணி மென்மையாக்கி ஊற்றினால் பினிஷ் சீக்கிரம் செயலிழக்கும். சோப்பு மிச்சம் நின்றாலும் அப்படித்தான். வேலை குறைந்ததாகத் தோன்றினால் நன்றாக அலசிக் காயவைத்து, துணி தாங்குகிற சூட்டில் இஸ்திரி போட்டுப் பாருங்கள். பல பினிஷ்கள் சூட்டில் பழையபடி நிமிர்ந்து நிற்கும். கையால் தெளிக்கிற ஸ்ப்ரே டப்பாக்கள் வேறு சங்கதி. அவை மேலோடு நிற்கும், சீக்கிரம் போகும், மூடிய அறையில் தெளிப்பது நுரையீரலுக்கு நல்லதும் அல்ல.

ஸ்டெயின் ரிலீஸ் என்று இன்னொன்று உண்டு, கடைக்காரர்களே இதையும் முன்னதையும் குழப்பிக்கொள்வார்கள். இது கறையை விலக்காது. துவைக்கும்போது கறையை விட்டுக்கொடுக்க வைக்கும். பாலியஸ்டர் கலந்த துணியின் மேற்பரப்பைத் தண்ணீரோடு பழகவைப்பதுதான் இதன் வேலை, அப்போது சோப்பு நீர் எண்ணெயின் அடியில் நுழைய முடியும். இதில் தண்ணீர் உருண்டு ஓடாது, கடையில் காட்டி மயக்க ஒன்றும் இருக்காது. ஆனால் தினமும் போட்டுத் துவைக்கிற சட்டைக்கும் பள்ளிச் சீருடைக்கும் இதுதான் பொருத்தம். சீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

சரி, சோபா. எண்ணெயை எடுக்கப் பாடுபட வேண்டியிருந்தாலும், தண்ணீர்க் கறையும் மஞ்சளும் இழைக்குள் இறங்காது என்பதால், நல்ல நெருக்கமான தட்டை நெசவுள்ள பாலியஸ்டரோ பாலியஸ்டர் அதிகம் கலந்த பருத்தியோ எடுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அது சிந்தியதை நேராகப் பஞ்சுக்கு அனுப்பும். மேல் துணியை எப்படியும் துவைக்கலாம், உள்ளே போன பால் நாறினால் சோபாவே போச்சு. வெல்வெட்டும் செனிலும் கடை விளக்கில் அழகு, ஆனால் குஞ்சம் குஞ்சமான நூலுக்குள் மிக்சர் தூளும் எண்ணெயும் போய் உட்கார்ந்தால் எடுக்க வழியில்லை. சூயேட் மாதிரி தெரிகிற மைக்ரோஃபைபர் ஓரளவு நல்லது, சிந்தியது கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். ஆனால் சிலவற்றில் தண்ணீர் வட்டம் விழும், வாங்குவதற்கு முன் நனைத்துக் காயவைத்துப் பாருங்கள்.

உழைப்புக்கு மார்ட்டின்டேல் என்று ஒரு தேய்ப்பு எண் சொல்வார்கள், சோதனை எந்திரத்தில் எத்தனை தேய்ப்பைத் துணி தாங்குகிறது என்ற கணக்கு அது. தினம் பிள்ளைகள் குதிக்கிற வீட்டுக்கு 25,000-க்குக் குறையாமல் பார்க்கலாம். தேய்ந்து பிசிறு எழுந்த துணி, கறையைப் புதுத் துணியைவிட வேகமாகப் பிடிக்கும். இறக்குமதி ரகங்களின் சீட்டில் டபிள்யூ, எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் இருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீரால் துடைக்கலாம், எஸ் என்றால் டிரை கிளீனிங் கரைப்பான் மட்டும், எக்ஸ் என்றால் தூசி மட்டும் உறிஞ்சலாம். எக்ஸ் போட்ட துணியைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வாங்குவது, சண்டையை விலைக்கு வாங்குவது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெத்தைகளுக்கு ஜிப் வைத்து, உறையைக் கழற்றித் துவைக்கும்படி தைக்கச் சொல்லுங்கள். தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் போட்டுச் சுருக்கம் எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவைக்குப் பிறகு உறை மெத்தையில் ஏறாது. உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே மெல்லிய நீர்புகா உறை ஒன்று போட்டால் இன்னும் நல்லது. கடைக்காரர் கேட்ட அந்தக் கூடுதல் பினிஷ் காசை இதில் போடுங்கள்.

ரெக்சினும் செயற்கைத் தோலும் கேட்பீர்கள் என்று தெரியும். சிந்தினால் துடைத்துவிடலாம் என்பது சரி. ஆனால் 'லெதரெட்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூசியது ஒன்று, பி.யு. என்ற வேறொரு பிளாஸ்டிக் பூசியது ஒன்று. பி.யு. தொடுவதற்கு மென்மை, பார்க்க அசல் தோல். காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து சிதைக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் மலிவான பி.யு. சில வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து, உட்கார்ந்தவர் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒட்டவைக்க மருந்தில்லை. பி.வி.சி. ரெக்சின் வியர்க்கும், கோடையில் தொடையில் ஒட்டும், வருஷங்கள் கழித்து விறைத்து வெடிக்கும். ஆனாலும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு அதற்கு இணை இல்லை. பேனா மை விழுந்தால் மட்டும் உடனே துடையுங்கள், விட்டுவைத்தால் பூச்சுக்குள் இறங்கிவிடும்.

பால்கனி, மாடித் திண்ணை மெத்தைகளுக்கு, காசு இருந்தால், நூல் நூற்கும் முன்பே நிறம் கலந்த அக்ரிலிக் துணி. சன்பிரெல்லா என்று 1961-ல் இருந்து அமெரிக்காவில் விற்பது இந்த வகைதான், நம் ஊரிலும் வேறு வேறு பெயர்களில் கிடைக்கிறது. மற்றத் துணிகளில் நிறம் வெளியில் இருந்து ஏறியது. இதில் நிறம் இழையின் உடம்பிலேயே இருக்கிறது. வெயில் வெளுக்காது, தயாரிப்பாளர் சொல்கிற அளவில் பிளீச் கலந்த தண்ணீரில் பூஞ்சையைக் கழுவினாலும் நிறம் நிற்கும். விலை அதிகம்தான்.

தரை விரிப்புகளில் மலிவாக வருபவை பாலிப்ரொப்பிலீன். தண்ணீர்க் கறைக்கு அசையாது. குழம்பு எடுத்துப்போன பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிறதே, அதில் பெரும்பாலும் இதே பொருள்தான். சூடான எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தால் இதுவும் தோற்கும். சாப்பிடுகிற இடத்துக்கு விரிப்பே வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டுமென்றால் பவானி ஜமுக்காளம். கோடுகளும் அடர் நிறங்களும் பாதியை மறைக்கும், மீதியைத் துவைக்கலாம்.

திரைச்சீலைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பாலியஸ்டர் போதும், சமையலறை ஜன்னலுக்கு மட்டும் மெல்லிய பருத்தி, ஏனென்றால் அங்கே படிகிறது தாளிப்புப் புகை. கட்டிலுக்குப் பருத்தி விரிப்பு, சென்னிமலையோ கரூரோ எதுவானாலும் நல்லது, அதன் அடியில் பாலியூரிதேன் சவ்வு ஒட்டிய மெத்தைக் காப்பு உறை ஒன்று. தலையணை உறைக்கு பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம். எண்ணெய் தேய்க்கிற வீட்டில் தலையணை மேல் ஒரு துண்டு போடுகிற பழைய வழக்கத்தை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

மேசை விரிப்பில் ஒரு சூட்சுமம். நிறமுள்ள பருத்தி வாங்கினால் 'வாட்' சாயமா, 'ரியாக்டிவ்' சாயமா என்று கேளுங்கள். கரூர் ஆட்களுக்கு இந்தச் சொற்கள் தெரியும். வாட் சாயம் பெரும்பாலும் பிளீச்சைத் தாங்கும், மருத்துவமனைத் துணிகளுக்கு அதனால்தான் அதைத் தேடுகிறார்கள். ரியாக்டிவ் சாயத்தில் பிளீச் பட்ட இடம் வெள்ளைத் திட்டாகும். அழகான விரிப்பைப் போட்டு அதன் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டையும் விரிக்கிறவர்களைக் கேலி செய்வார்கள். அவர்கள் வீட்டு விரிப்புதான் கடைசிவரை நிற்கிறது.

உடுப்புக்கு வருவோம். ஆபீஸ் சட்டைக்குப் பருத்தி அதிகமுள்ள கலவை, 60-க்கு 40 மாதிரி, நடுவாந்தரம். 'ரிங்கிள் ஃப்ரீ' என்று சுருக்கம் விழாத பருத்திச் சட்டைகளில் பிசின் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிசின் பருத்தியின் தண்ணீர்ப் பழக்கத்தைக் குறைத்து, எண்ணெய்ப் பிடிப்பைக் கூட்டிவிடும். சில பிசின்கள் குளோரின் பிளீச் பட்டால் மஞ்சளாகும். காலர் அழுக்கு அதிகம் வருகிறவர்கள் இந்த ரகத்தைத் தவிர்ப்பது நல்லது. அக்குளில் விழும் மஞ்சள் திட்டு வியர்வையால் மட்டும் வருவதில்லை. வியர்வை நிறுத்தி ரோல்-ஆன்களில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து செய்கிற வேலை அது. துணியை மாற்றுவதைவிட ரோல்-ஆனை மாற்றிப் பார்ப்பது மலிவு.

பள்ளிச் சீருடைக்கு பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலவைதான் பரவலாக வருகிறது. மண் போகும், மதியச் சாப்பாட்டு எண்ணெய் நிற்கும். வெள்ளைச் சட்டை என்றால் பருத்தி அதிகமாக இருக்கட்டும், வெயிலும் சுடுநீரும் அதற்குத் துணை.

வெள்ளை வேட்டி. கறை விலக்கு வேட்டி என்று வருவது பொய்யில்லை, புதிதில் காபி சிந்தினால் தட்டிவிடலாம். ஆனால் வேட்டியைக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, அடித்துத் துவைக்கிற வீட்டில் அந்த பினிஷ் எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். விசேஷத்துக்கு உடுத்திப் பெட்டியில் வைக்கிற வேட்டிக்குச் சரி. தினம் உடுத்துகிறவருக்குச் சாதாரணப் பருத்தி வேட்டியே லாபம், ஏனென்றால் வெயிலும் வெள்ளைப் பருத்திக்கான பிளீச்சும் அதைத் தொடர்ந்து காப்பாற்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம் என்றால், வெள்ளையில் விழும் பழுப்பு உங்கள் சாப்பாட்டால் வந்ததே அல்ல. அதன் மேல் பிளீச் ஊற்றினால் துரு இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் இளகும். அப்படிப்பட்ட தண்ணீர் உள்ள வீட்டில் தூய வெள்ளையை வாங்காமல் சந்தன நிறம், பாதாம் நிறம் என்று இறங்கிவிடுவது நிம்மதி.

பட்டுக்கு எந்த பினிஷும் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஜரிகையில் பட்டால் என்ன ஆகும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆசையும் வேண்டாம். சிந்தியதை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீரே வட்டம் விழுத்தும் துணி அது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடர் நீலத்தில் கறை தெரியாது என்று எடுப்பார்கள், ஆனால் பால், தயிர், பவுடர், தூசி எல்லாம் அதில்தான் முதலில் தெரியும். வெளிர் நிறத்தில் மஞ்சள் தெரியும். இரண்டு மூன்று நிற நூல் கலந்த நடுத்தரச் சாம்பலும் பழுப்பும், சின்னச் சின்ன வடிவமுள்ள ஜக்கார்டும் கண்ணை ஏமாற்றுவதில் கெட்டி. கறை போகாமலே போன மாதிரி தெரிந்தால் அதுவும் போதுமே.

கடைசியாக, கடையில் முடிவெடுக்காதீர்கள். அரை முழம் கட்டிங் கேளுங்கள், சோபாத் துணி விற்பவர்கள் கொடுப்பார்கள். வீட்டில் அதன் மேல் உங்கள் சாம்பாரில் ஒரு கரண்டி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு, டிகாக்ஷன் ஒரு சொட்டு, உங்கள் பிள்ளை விரும்புகிற எது உண்டோ அதில் கொஞ்சம் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவையுங்கள், புதிதாக எந்த மருந்தும் வாங்க வேண்டாம். இதை நாலைந்து தடவை செய்தால் பினிஷும் தன் உண்மையைச் சொல்லிவிடும். தேறிய துணியில், தைக்கத் தேவையானதற்கு மேல் 2 மீட்டர் சேர்த்து, அதே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏறிய சரக்கில்) இருந்து வெட்டச் சொல்லி வாங்கிவையுங்கள். அடுத்த லாட்டில் நிறம் ஒரு சாயல் தள்ளி வரும். ஒரு உறை பாழானால் மாற்றுவதற்கு அப்போது துணி இருக்காது.